கொட்டகை எலிக்கு மூச்சுத் திணறல், என் வளர்ப்பு எலிகளுக்கு ஒட்டுமா?

வெண்வால் எழுதியது:

வணக்கம். மூன்று இரவுகளாக ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் பழைய சாமான்கள் போட்டுவைக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் பழுப்பு எலிகள் உண்டு, நல்ல பெரியவை. விளக்கைப் போட்டால் மற்றவை எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும், ஒன்று மட்டும் பலகை ஓரத்தில் கூனிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முடி சிலிர்த்து நிற்கிறது, விலாப்புறம் உள்ளே இழுக்க இழுக்க மூச்சு விடுகிறது. கிட்டே போனால் காய்ந்த சருகைக் கசக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணோரத்தில் ரத்தம் உறைந்தது போல ஏதோ சிவப்பாக ஒட்டியிருக்கிறது. நேற்றுப் பட்டப்பகலிலேயே வெளியே வந்து உட்கார்ந்துவிட்டது.

என்னிடம் இரண்டு வளர்ப்பு எலிகள் இருக்கின்றன, இரண்டும் பெண், ஒன்றரை வயது. அவை இருக்கும் அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இன்று காலை சின்னவள் விடாமல் ஏழெட்டு முறை தும்மினாள். போன வருடம் இவர்களோடு இருந்த இன்னொருத்தியை இதே மாதிரி மூச்சிரைப்பில்தான் இழந்தேன். ஒரு மருத்துவர் பென்சிலின் வகை மருந்து எழுதிக்கொடுத்தார், பத்து நாள் தவறாமல் கொடுத்தேன், எந்த மாற்றமும் இல்லை, கடைசியில் என் கையிலேயே அடங்கிப்போனாள். அதனால் இந்தத் தும்மல் சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்கிறது.

காட்டில், வெளியில் திரிகிற எலிகளுக்கும் நிமோனியா வருமா? அது சுவர் தாண்டி ஒட்டுமா? மனிதனுக்கு வருமா? அந்த எலிக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா, செய்யலாமா?


கூண்டுச்சாவி எழுதியது:

ஆய்வகம் ஒன்றின் விலங்குக்கூடத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எலிகளின் நெஞ்சுச் சளியோடு மல்லுக்கட்டியதே அந்த வேலையில் பாதி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன வருடம் போனவளைப் பற்றி. எலிகளின் நாள்பட்ட மூச்சுநோய்க்கு முதல் சந்தேகம் எப்போதும் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்ற பாக்டீரியா மேல்தான் விழும். பென்சிலினும் அதன் உறவு மருந்துகளும் பாக்டீரியாவின் செல்சுவரை உருவாகவிடாமல் செய்துதான் அதைக் கொல்கின்றன. இந்த மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. இடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் அந்த மருந்து என்ன செய்யும்? அவளுக்கு வந்தது இதுதான் என்றால், நீங்கள் எவ்வளவு கவனமாகக் கொடுத்திருந்தாலும் அது கேட்டிருக்காது. உங்கள் கவனிப்பில் குறை இல்லை. டாக்சிசைக்ளின், என்ரோஃபிளாக்சசின் போன்றவைதான் இதற்குக் கொடுப்பார்கள். அவையும் கிருமியை முழுசாக விரட்டுவதில்லை, அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. ஜெர்மனியிலிருந்து வெளியேறி லண்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்த எம்மி கிளீனெபெர்கர், 1937லேயே எலிகளின் நுரையீரல் புண்களில் இந்த வகைக் கிருமியைப் பிரித்துக் காட்டிவிட்டார். அதற்கு அப்புறமும் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஆய்வக எலிகள் இதைச் சுமந்துகொண்டேதான் இருந்தன. கருப்பையை அறுத்துக் குட்டிகளை எடுத்து, கிருமி இல்லாத இடத்தில் வளர்த்துத்தான் சுத்தமான வம்சங்களை உண்டாக்கினார்கள். அதிலும் ஒரு சிக்கல், இது கருப்பையிலும் தங்கும், பிறக்கும் முன்பே குட்டிக்குப் போய்விடலாம்.

இது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் நீங்கள் கேட்ட சத்தத்துக்கும் அர்த்தம் புரியும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்துகொண்டு, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மைக்கோபிளாஸ்மா அந்தச் செல்களில்தான் ஒட்டிக்கொள்ளும். இழைகள் சோர்ந்து உதிரும், சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிளைக்குழாய்கள் உப்பி விரியும். செத்த கிழ எலியைத் திறந்து பார்த்தால் நுரையீரலின் மேற்பரப்பு கூழாங்கல் பதித்த மாதிரி மேடு மேடாக இருக்கும், உள்ளே சீழ். இது ஒரு வாரத்தில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் நடப்பது. மூக்கிலிருந்து நடுக்காதுக்கும் ஏறும், அப்போது சில எலிகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நடக்கும். இதோடு கூட்டுச் சேரும் இன்னொன்று அந்த மயிரிழைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு வாழும் இழை மாதிரியான பாக்டீரியா. சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் அது வளரவே வளராது, அதனால் ரொம்ப காலம் சரியான பெயர்கூட இல்லாமல் இருந்தது. 2016ல்தான் ஃபைலோபாக்டீரியம் ரோடென்டியம் என்று பெயர் வைத்தார்கள். நிமோகாக்கஸ், போர்டெடெல்லா, பழைய பெயரில் பாஸ்சுரெல்லா நிமோட்ரோபிகா என்று சொன்ன ரோடென்டிபாக்டர் எல்லாம் வந்து சேரலாம். ஒரே நுரையீரலில் இரண்டு மூன்று கிருமிகள் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கண்ணில் இருந்தது பெரும்பாலும் ரத்தமில்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு, அதில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி சுரக்கும். உடம்பு சரியில்லாமல் முகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வதை எலி நிறுத்தினால் அது அப்படியே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். எலி நன்றாக இல்லை என்பதற்கு அது அடையாளம். இன்ன நோய் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சுவர் தாண்டி ஒட்டுமா என்றால், அது ரொம்ப அரிது. செல்சுவர் இல்லாததால் இந்தக் கிருமி வெளியில் சீக்கிரம் காய்ந்து சாகும், சாதாரணக் கிருமிநாசினியே போதும். மூக்கோடு மூக்கு உரசுவது, பக்கத்தில் தும்முவது, தாயிடமிருந்து குட்டிக்கு, இவைதான் அதன் வழிகள். கொட்டகைக்குப் போய்விட்டு வந்தால் சட்டையை மாற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உங்கள் எலிகளைத் தூக்குங்கள். உண்மையைச் சொன்னால் உங்கள் சின்னவளிடம் மைக்கோபிளாஸ்மா ஏற்கெனவே இருக்க நிறைய வாய்ப்பு. போனவளோடு ஒரே கூண்டில் இருந்தவள்தானே. அதை எது கிளப்பியது என்று தேடுங்கள், கூண்டிலேயே பதில் கிடைக்கலாம். கூண்டு ஈரமாகி மூத்திர நாற்றம் ஏறினால், அதாவது அம்மோனியா, இந்த நோய் தலைதூக்கும். காற்றில் மில்லியனில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே நோய் கடுமையாகிறது என்று 1976லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மூக்கு கூண்டுக்கு மேலே இருக்கிறது, அவள் மூக்கு தரையில் இருக்கிறது. சமீபத்தில் கூண்டில் ஏதாவது மாற்றினீர்களா?


வயல்வெளி எழுதியது:

கூண்டுச்சாவி அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அது கூண்டு எலியின் கதை, வெளியில் இருப்பதன் கதை கொஞ்சம் வேறு. சிறு பாலூட்டிகளைப் பொறி வைத்துப் பிடித்து, அளந்து, அடையாளம் இட்டு விடுகிற களவேலையில் இருப்பவள் நான்.

வெளியில் இருக்கும் எலிகளுக்கும் இதே கிருமிகள் உண்டு, தாராளமாக உண்டு. கனடாவின் வான்கூவர் நகரத்தில் தெரு எலிகளைப் பிடித்து மூச்சுக்குழாயை நுண்நோக்கியில் பார்த்தபோது, மைக்கோபிளாஸ்மாவும் மயிரிழைகளில் வாழும் அந்த இழைப் பாக்டீரியாவும் இருந்தன, குழாய்ச் சுவரில் அழற்சியும் இருந்தது. அப்படியிருந்தும் ஓடியாடித் தின்று குட்டி போட்டுக்கொண்டிருந்த எலிகள்தான் அவை. நான் கையில் பிடித்த எலிகளிலும் வெளிப்படையாக மூச்சிரைத்தவை மிகமிகக் குறைவு. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஆயுள். வளர்ப்பு எலி இரண்டு வருடம், மூன்று வருடம் வாழும். வெளியில் இருக்கும் பழுப்பு எலிகளில் பெரும்பாலானவை ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. மாதக்கணக்கில் முற்றுகிற நோய், முற்றுவதற்கு முன்பே எலியை ஆந்தையோ பூனையோ குளிரோ கொண்டுபோய்விடுகிறது. இன்னொன்று, மூச்சு வாங்குகிற எலியால் ஓட முடியாது, ஓட முடியாத எலி உங்கள் கண்ணிலோ என் பொறியிலோ படும் முன்பு வேறு எதன் கண்ணிலாவது பட்டுவிடும். அதனால் வெளியில் ஆரோக்கியமானவைதான் இருக்கின்றன என்று நமக்குத் தோன்றுகிறது. இருப்பவற்றை மட்டும்தான் பார்க்கிறோம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் சூழலியல் அறிஞர் சார்லஸ் எல்டனின் குழு வோல் என்ற விலங்கைக் கவனித்துக்கொண்டிருந்தது. புல்வெளியில் வாழும் குட்டை வால் கொறிணி அது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை மளமளவென்று ஏறும், அப்புறம் சரசரவென்று விழும். இந்த வீழ்ச்சிக்கு ஏதாவது தொற்றுநோய் காரணமா என்று தேடியபோது, 1937ல் வெல்ஸ் என்ற மருத்துவர் அந்த வோல்களில் காசநோயைக் கண்டுபிடித்தார். மனிதக் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு, இன்று மைக்கோபாக்டீரியம் மைக்ரோட்டி என்கிறோம். வீழ்ச்சிக்குக் காரணம் அதுதான் என்று நிறுவ முடியவில்லை. ஆனால் அந்தக் கிருமியையே மனிதருக்குத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1950ல் பிரிட்டனில் தொடங்கிய பெரிய சோதனையில் 50,000க்கும் மேற்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள், வழக்கமான காசநோய்த் தடுப்பூசியான பிசிஜிக்கு இணையாக அதுவும் வேலை செய்தது. ஊசி போட்ட இடத்தில் சிலருக்குத் தோல் காசநோய் வந்ததும் ஒரு காரணம், பிசிஜிதான் கடைசியில் நிலைத்தது. புல்லுக்குள் ஓடுகிற ஒரு சின்ன உயிரின் நோயைத் தேடிப் போனவர்களுக்கு இது கிடைத்திருக்கிறது! எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

சரி, உங்கள் கொட்டகை எலிக்கு வருகிறேன். பட்டப்பகலில் திறந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது விஷம். ரத்தம் உறையவிடாமல் செய்யும் எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை இழுக்கும், அதற்குள் உடம்புக்குள் எங்காவது ரத்தம் கசியும். நுரையீரலிலோ நெஞ்சுக்கூட்டிலோ கசிந்தால் நிமோனியா மாதிரியே மூச்சு வாங்கும், விலா இழுக்கும். தூரத்திலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பாதங்களும் காதும் வெளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கொட்டகையில் பச்சை, நீலம் என்று சாயம் ஏறிய புழுக்கை கிடக்கிறதா என்றும் பாருங்கள். மருந்துக் கட்டிகளுக்குச் சாயம் போட்டிருப்பார்கள், அது அப்படியே வெளியே வரும்.

கையால் மட்டும் தொடாதீர்கள்.


பச்சைவேலி எழுதியது:

படிக்கும்போதே பயமாக இருக்கிறது. மூச்சுத் திணறுகிற எலி என்றால் அது பிளேக்காக இருக்காதா? நுரையீரல் பிளேக் என்று ஒன்று உண்டு அல்லவா? வெண்வால், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.


நுண்நோக்கி எழுதியது:

பச்சைவேலி, பிள்ளைகளை விடவேண்டாம் என்று சொன்னது சரிதான். பிளேக் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், மருத்துவ நுண்ணுயிரியல் கூடத்தில் வேலை செய்கிறேன்.

பிளேக் கிருமி எலியிடமிருந்து எலிக்குப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாகப் போகிறது. எலி இருமி அதனால் நமக்கு வருவது வழக்கமான பாதை இல்லை. பிளேக் புகுந்த இடத்தில் ஒரு எலி மட்டும் ஓரமாக உட்கார்ந்து வாரக்கணக்கில் இரைத்துக்கொண்டிருக்காது, கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடக்கும், செத்த எலியை விட்டுத் தெள்ளுப்பூச்சிகள் வேறு உடம்பைத் தேடும். அப்படிப் பல எலிகள் திடீரென்று சாவதைப் பார்த்தால் தொடாமல் சுகாதாரத் துறைக்குச் சொல்லவேண்டும், அதில் தயக்கமே வேண்டாம். நுரையீரல் பிளேக் என்று நீங்கள் சொல்வது மனிதரிடமிருந்து மனிதருக்கு இருமல் வழியாகத் தாவும் வகை. 1910, 1911ல் மஞ்சூரியாவில் அப்படித்தான் பரவியது. தொடக்கம் மர்மோட் என்ற பெரிய கொறிணியை வேட்டையாடித் தோல் உரித்தவர்கள், அதன் பிறகு ஆளுக்கு ஆள், ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, இது காற்றுவழியாகப் பரவுகிறது என்று உறுதியாக நின்று, பஞ்சும் துணியும் வைத்த முகக்கவசத்தை எல்லோரையும் அணியவைத்தார். மடகாஸ்கரில் 2017ல் வந்ததிலும் பெரும்பாலானவை நுரையீரல் வகைதான், சந்தேகப்பட்டவர்களையும் சேர்த்து 2,400க்கு மேல் நோயாளிகள், 209 மரணம். ஆனால் பிளேக் இயற்கையாகவே நிலைகொண்ட சில பகுதிகளில்தான் இது வரும், எல்லா எலியிடமும் இல்லை.

கூண்டுச்சாவி சொன்ன மைக்கோபிளாஸ்மா நமக்கு நோய் தருவதாகக் கருதப்படுவதில்லை. நான் வெண்வாலுக்கு எச்சரிக்கை சொல்ல நினைப்பது வேறு ஒன்றைப் பற்றி. ஸ்ட்ரெப்டோபேசிலஸ் மோனிலிஃபார்மிஸ் என்று ஒன்று எலியின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் செய்யாது. தும்மாது, இரைக்காது, பளபளவென்று இருக்கும். அந்த எலி கடித்தாலோ பிறாண்டினாலோ நமக்கு எலிக்கடிக் காய்ச்சல் வரும். மூன்று முதல் பத்து நாளில் காய்ச்சல், மூட்டு வலி, உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு. கடித்த காயம் அதற்குள் ஆறிப்போயிருக்கும், அதனால் மருத்துவரிடம் எலி விஷயத்தைச் சொல்லவே நம் ஆட்களுக்குத் தோன்றாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் ஒருவர் வரை இறக்கலாம். எலி கழிவு பட்ட உணவிலும் தண்ணீரிலும்கூட வரும், 1926ல் அமெரிக்காவின் ஹேவர்ஹில் ஊரில் பாலில் வந்தது. இதற்கு மருந்து பென்சிலின்தான், இங்கே நன்றாகவே கேட்கும். எம்மி கிளீனெபெர்கர் 1935ல் செல்சுவரை இழந்து வாழும் பாக்டீரியா வடிவத்தை முதன்முதலில் கவனித்தது இந்த ஸ்ட்ரெப்டோபேசிலஸின் வளர்ப்பில்தான். லிஸ்டர் பெயரின் முதல் எழுத்தை வைத்து எல் வடிவம் என்றார்.

அதனால் வெண்வால், இரைக்கிற எலியிடம் மட்டும் கவனமாக இருந்துவிட்டு நன்றாக இருக்கிற எலியை வெறுங்கையால் தூக்குகிற தப்பைச் செய்யாதீர்கள்.

கொட்டகையைச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்றால் காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, தூசி உறிஞ்சும் இயந்திரமும் கூடாது. ஹான்டா போன்ற வைரஸ்கள் தூசியாக எழுந்துதான் நெஞ்சுக்குள் போகின்றன. டுலரீமியா என்ற பாக்டீரியா நோயும் அப்படித்தான். 2000ல் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 15 பேருக்கு அது வந்தது, 11 பேருக்கு நுரையீரல் வகை. புல்வெட்டும் இயந்திரம் ஓட்டியதும் புதர் வெட்டியதும்தான் ஆபத்தைக் கூட்டியிருந்தன. கதவைத் திறந்து அரைமணி காற்றாடவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத் துணியால் ஒற்றி எடுங்கள்.


அணில்தொட்டில் எழுதியது:

கூட்டிலிருந்து விழுந்த அணில் குட்டிகளை வளர்த்து விடுகிறவள் நான், எலிக் குட்டிகளும் வரும். எங்களிடம் வரும் நிமோனியாவில் பெரும்பகுதி காட்டிலிருந்து வந்ததே இல்லை. அக்கறையாக எடுத்துக் காப்பாற்றுகிறவர்கள் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துச் சொட்டுக்குழாயால் வேகமாகப் பால் விடுகிறார்கள், அது மூக்கு வழியாக வெளியே வரும், கொஞ்சம் நுரையீரலுக்குள் போகும். ஒன்றிரண்டு நாளில் பாக்டீரியா அங்கே பெருகி, மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். குட்டியைக் காதோரம் வைத்துக் கேட்டால் தெளிவாகத் தெரியும். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு எதுவும் ஊட்டவே கூடாது, முதலில் சூடாக்கவேண்டும். ஊட்டும்போது குப்புற, தலை சற்று உயர்ந்து, சொட்டுச் சொட்டாக. இதைத் தெரிந்துகொள்ளும் முன் நான் இழந்த குட்டிகளை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், வாய்வழிப் பென்சிலின் வகை மருந்துகளைக் கினி எலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் யாரும் கொடுத்துவிடாதீர்கள். அவற்றின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்து, நச்சுச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகி, மூச்சுநோய்க்கு முன்னால் அதுவே கொன்றுவிடும். வெண்வாலின் எலிக்கு அது பலன் தராமல் போனதோடு நின்றது.

அந்தக் கொட்டகை எலியை அப்படியே சாகவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறியில் பிடித்து வெதுவெதுப்பான, இருட்டான பெட்டியில் வைத்து, காட்டு விலங்குகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோகலாம். உயிர் உயிர்தானே.


வயல்வெளி எழுதியது:

அக்கா, உங்கள் மனம் எனக்குப் புரிகிறது, குட்டிகள் விஷயத்தில் உங்களோடு முழுசாக உடன்படுகிறேன். வளர்ந்த காட்டு எலி விஷயத்தில் உடன்பட முடியவில்லை. அதற்கு மனிதன் கையில் சிக்குவதே பெரிய நோய். மூச்சுக்குத் திணறுகிற எலியைப் பொறியில் துரத்திப் பிடித்தால் அந்தப் பதற்றத்திலேயே போய்விடும். எலியால் வாய் வழியாக நம்மைப் போல மூச்சுவிட முடியாது, மூக்கை நம்பித்தான் இருக்கிறது, அது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டால் கடைசிக் கட்டம். பிழைத்தாலும் டாக்சிசைக்ளின் வாரக்கணக்கில் கொடுக்கவேண்டும், கொடுத்து முடித்தபிறகும் கிருமி உள்ளேயே இருக்கும், அதே எலிக் கூட்டத்துக்குத்தான் திரும்பப் போகும். விஷம் என்றால் அதற்கு முறிமருந்தான வைட்டமின் கே1 வாரக்கணக்கில். நான் செய்யமாட்டேன். தொந்தரவு செய்யாமல் இருட்டில் விடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது என்று நினைக்கிறேன்.


அணில்தொட்டில் எழுதியது:

வலியில்லாமல் அனுப்பிவைக்கவாவது மருத்துவரிடம் கொண்டுபோகலாமே, வயல்வெளி. அதுவும் சிகிச்சைதான். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரிகிறது, பரவாயில்லை.


வெண்வால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வயல்வெளி சொன்னதைப் படித்துவிட்டு அன்றிரவே கைவிளக்கோடு போனேன். பலகைக்கு அடியில் நீலப் பச்சையாகப் புழுக்கைகள். வேலிக்கு அந்தப் பக்கம் விசாரித்தேன், போன வாரம் மருந்துக் கட்டிகள் வைத்தார்களாம். அணில்தொட்டில் சொன்னபடி பெட்டி எல்லாம் தயார் செய்துவைத்திருந்தேன், ஆனால் காலையில் போனபோது அந்த எலி வாசலிலேயே செத்துக் கிடந்தது. கையுறை போட்டுத்தான் எடுத்தேன். பாதங்கள் காகிதம் போல வெளுத்திருந்தன, மூக்கில் உறையாத ரத்தம். நெஞ்சுக்குள் சளியும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, திறந்து பார்க்கத் தோன்றவில்லை. செத்த எலியைப் பூனையோ ஆந்தையோ தின்றால் அதற்கும் விஷம் ஏறும் என்று எங்கோ படித்திருந்தேன், அதனால் ஆழமாகப் புதைத்தேன். மிச்சக் கட்டிகளை எடுத்துவிடச் சொல்லி வேலிக்கு அந்தப் பக்கம் பேசியிருக்கிறேன், எடுத்துவிட்டார்கள்.

கூண்டுச்சாவி அண்ணா, கூண்டில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டீர்களே. பத்து நாள் முன்பு புது மரத்தூளுக்கு மாறினேன். கையில் எடுத்தாலே தூசி பறக்கிறது, பைன் வாசனை வேறு. ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது என்று நினைத்து மாற்றும் நாளையும் தள்ளிப்போட்டிருந்தேன். தரையோடு முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன், கண் எரிந்தது. அவள் மூக்கு அங்கேதான் 24 மணி நேரமும் இருந்திருக்கிறது.


கூண்டுச்சாவி எழுதியது:

அந்தத் தூளை இன்றே எடுத்துவிடுங்கள். தூசியில்லாத காகிதத் துண்டு போதும், ஈரமான மூலையைத் தினமும் மாற்றுங்கள். கூண்டின் பக்கச் சுவர்கள் அடைப்பாக இருந்தால் கம்பிக் கூண்டுக்கு மாறலாம், நேராகக் காற்று அடிக்காத இடத்தில். ஒரு வாரம் கவனியுங்கள். தும்மல் மட்டும் என்றால் குறையும். எடை இறங்கினால், விலா இழுத்தால், உறங்கும்போது சத்தம் கேட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், மைக்கோபிளாஸ்மாவாக இருக்குமோ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள், எலி நோயை மறைக்கும், தராசு மறைக்காது. பெரியவளையும் சேர்த்தே பாருங்கள், ஒருத்திக்கு இருந்தால் இருவருக்கும்தான்.


வெண்வால் எழுதியது:

தூளை மாற்றி ஐந்து நாள் ஆகிறது. சின்னவள் நேற்று இரண்டு முறை தும்மினாள், இன்று இதுவரை இல்லை. எடை 284 கிராம், மூன்று நாளாக அதே எடை. பெரியவள் 311. இப்போது இருவரும் என் மடியில் தூங்குகிறார்கள், மூச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.